செய்யுள் விகாரமும் ஓடுகளக் காரும்

மோட்டார்க் காருக்கும் தமிழ்ப் பண்டிதனுக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் கேட்கலாம். சென்ற ஆவணி வரை நானும் அவ்வாறு கேட்கக் கூடியவனே. என்னிடமுள்ள வாகனம் ஒரு துவிச்சக்கர வண்டி. மன்னார்த் தீவின் உப்புக் காற்றிலே அதன் மேலிருந்த பெயரெழுத்துக்கள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. அது எந்த நாட்டில் எந்தக் கம்பனியார் செய்தது என்பதை இனி ஆராய்ச்சியாளர்தாம் கூற வேண்டும்.

ஆவணியில் மடுத் திருவிழாவுக்கென்று இங்கிலாந்திலிருந்து வந்த என் பழைய மாணாக்கர் ஒருவர், மூன்று மாலைப்பொழுதுகள் என் வீட்டு விறாந்தையில் வந்திருந்தார். பேசாலைப் பக்கத்து மீனவர் குடும்பத்துப் பிள்ளை. 2001இல் என்னிடம் நன்னூல் கேட்டவர். கேட்டவர் என்றுதான் சொல்லலாம். படித்தவர் என்று சொல்வதற்கில்லை. நான் புணரியல் நடத்தும்போது அவர் மேசைக்குக் கீழே சைக்கிள் மணியொன்றைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். அதுவும் ஒருவகைப் புணர்ச்சியே என்று நானும் கண்டும் காணாதவன் போல் இருந்துவிடுவேன். இன்று அவர் இலண்டனுக்குத் தெற்கே ஒரு கராஜில் மெக்கானிக்.

வந்தவர் கேட்டது பணமன்று, பரிந்துரைக் கடிதமுமன்று. சொற்கள் கேட்டார்.

"ஐயா, பள்ளிக்கூடப் பொடியளுக்கு ஒருநாள் கதைக்கச் சொல்லிக் கேட்டிருக்கினம். எனக்குக் காரைப் பற்றித்தான் கதைக்கத் தெரியும். வாயைத் திறந்தால் எல்லாம் இங்கிலீசாய் வருது. நீங்கள் தமிழ் சொல்லித் தாருங்கோ. நான் விஷயம் சொல்லுறன்."

பண்டமாற்று நியாயமாகவே தோன்றியது. நான் உடன்பட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னர்க் கூறுவேன்.

கைபேசியில் ஒரு படம் காட்டினார். சிறிய சிவப்புக் கார். யப்பான் தேசத்து மஸ்டா நிறுவனத்தார் 1989இல் முதன்முதல் வெளியிட்ட எம்.எக்ஸ்.5 என்னும் வகை. இருவரே அமரலாம். முன்னே எஞ்சின், பின்னே உந்து சில்லுகள், துணிக்கூரை, வேண்டும்போது மடக்கி வைக்கலாம். முதல் வகைக் காரின் நிறை ஏறக்குறைய 950 கிலோகிராம்தான். வேகத்தில் அதனை வெல்லும் கார்கள் எத்தனையோ உள. ஆயினும் 2016இல் அந்த வகையிலே பத்து இலட்சமாவது கார் செய்து முடிக்கப்பட்டதாம். காரணம் வேகமன்று, இணக்கம் என்றார் மாணாக்கர். சுக்கானை விரல் அளவு திருப்பினால் அதுவும் விரல் அளவே திரும்பும் என்பது அவர் வாக்கு.

சுக்கான் என்று அவர் தம்மை அறியாமலே சொன்னார். எனக்கு மகிழ்ச்சி. தோணிக்கு உரிய சொல்லைக் காருக்கு ஏற்றிச் சொல்வது நம்மூர் வழக்கு. கடலிலிருந்து தரைக்கு ஏறிய சொல் அது. "தம்பி, சொல் எல்லாம் உன் வீட்டிலேயே கிடக்கிறது. நான் எடுத்துத் தருகிறேன், அவ்வளவே" என்றேன். வில்லு வண்டி என்று சொல்லிய சமூகம் ஸ்பிறிங்குக்கு ஏன் அலைய வேண்டும்? வில் இருக்கிறது. அச்சு இருக்கிறது. குடம் இருக்கிறது. ஆரக்கால் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம்.

இங்கிலாந்திலே ஓடுகள நாள் என்று ஒரு வழக்கம் உளது. வீதியில் ஓடும் சொந்தக் காரை ஒருவர் பந்தயத் திடலுக்குக் கொண்டுசென்று, கட்டணம் செலுத்தி, அன்றைக்குத் தம் மனம்போல் ஓட்டலாம். அது பந்தயமன்று. முதலிடம், இரண்டாமிடம் இல்லை. நேரங் கணிப்பதையும் விரும்பார். காலையில் எல்லோரையும் இருத்தி விதி சொல்வார்கள். முந்துவதற்கு உரிய இடம் இது, முன்னே செல்பவர் வழிவிட்டாலன்றி முந்தலாகாது, இன்ன நிறக் கொடி கண்டால் இன்னது செய்க, தலைக்கவசமின்றி உட்செல்லற்க. கேட்கும்போது எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் காலைக்கூட்டம் நினைவில் வந்தது.

வீதிக்கென்று செய்த காரை அந்தத் திடலுக்கு ஏற்றவாறு மாற்றுவதே என் மாணாக்கரின் ஓய்வுநேரத் தொழில். தமக்கென்று வாங்கிய பழங்கார் ஒன்றை மூன்று ஆண்டுகளாக மாற்றி வைத்திருக்கிறார்.

"எஞ்சினைப் பெரிதாக்கினாயோ?" என்று கேட்டேன். அறியாதவன் கேட்கும் முதற்கேள்வி அதுதான் போலும். அவர் சிரித்தார்.

"எஞ்சினிலை நான் இன்னும் கை வைக்கயில்லை ஐயா. முதல் நிப்பாட்டப் பழக வேணும். பிறகுதான் ஓட."

தாம் முதன்முறை திடலுக்குப் போன கதையைச் சொன்னார். கார் கடையில் வாங்கியபடியே இருந்தது. நான்கு சுற்று நன்றாக ஓடிற்று. ஐந்தாவது சுற்றில், நேர்வழி முடிந்து திருப்பம் வரும் இடத்தில் பிறேக்கை மிதித்தார். மிதி நிலம் வரை போயிற்று; கார் நிற்கவில்லை. புல்வெளியில் ஏறி, மணற்பரப்பிலே புதைந்து நின்றது. அந்த மணலை அதற்கென்றே பரப்பி வைத்திருக்கிறார்கள். "பேசாலை மணல்தான் என்னைக் காப்பாற்றினது எண்டு நினைச்சன் ஐயா" என்றார்.

ஏன் அவ்வாறு நேர்ந்தது? காரணத்தை அவர் விளக்கிய முறை என் வகுப்பறைக்கு வெட்கம் தருவது. கிடைத்த கடுதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். சாரதியுடன் 1000 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அதனை நிறுத்தினால் அந்த ஓட்டம் எங்கே போகும்? வெப்பமாகப் பிறேக்கிலே இறங்கும். ஒரு லீற்றர் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பின்னும் மிஞ்சும் அளவு வெப்பம் அது. ஒரே ஒரு முறை நிறுத்துவதற்கு! வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். வீதியிலே இத்தகைய நிறுத்தம் எப்போதோ ஒன்று. திடலிலே ஒரு சுற்றுக்குப் பலமுறை, சுற்றுக்கள் பல. ஆறுவதற்குப் பொழுதில்லை.

மிதியிலிருந்து சில்லு வரை விசையைக் கொண்டுசெல்வது ஒரு திரவம். திரவத்தை நெருக்க முடியாது. ஆதலின் கால் கொடுத்த அழுத்தம் குறையாமற் சில்லைச் சேர்கிறது. அத்திரவம் கொதித்தாலோ ஆவிக் குமிழ்கள் தோன்றும். ஆவியை நெருக்கலாம். கால் மிதித்த விசை முழுதும் குமிழை நெருக்குவதிலேயே செலவாகும். சில்லுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

அன்றியும் அத்திரவத்துக்கு ஒரு தீயகுணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டொட் 4 எனப்படும் வகை புதிதாக இருக்கையில் 230 பாகை வரையேனும் கொதியாது தாங்க வேண்டும் என்பது நியமம். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். அவர் வாங்கிய காரில் திரவத்தை ஆண்டுக்கணக்காக மாற்றியிருக்கவில்லை. மன்னாரைப் போலக் கடல் சூழ்ந்த ஊரிலே இதனை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? நம்மூர் வான்களும் லொறிகளும் மடுவுக்கும் அனுராதபுரத்துக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. எண்ணெய் மாற்றுவார்கள், ரயர் மாற்றுவார்கள். அந்தச் சிறு போத்தலைத் திறந்து பார்ப்பவர் சிலரே.

ஆகவே அவர் செய்த முதல் மாற்றம் புதிய திரவம். இரண்டாவது, பெருவெப்பம் தாங்கும் பிறேக் கட்டைகள். மூன்றாவது மாற்றம் இன்னும் வியப்பானது. கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு. துணிக்கூரைக் கார் தலைகீழானால் சாரதியின் தலையே தூணாகும் அன்றோ? அதற்காக இருக்கைக்குப் பின்னே தடித்த உருக்குக் குழாயை வளைத்துக் காரின் உடலோடு பூட்டுவர். அது போதிய உயரம் உடையதோ என்று அறிய ஒரு சோதனை உளது. தலைக்கவசத்தோடு சாரதி அமர்ந்திருக்க, வளைவின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சி வரை ஒரு தும்புத்தடியின் கம்பை வைப்பார்கள். கவசம் கம்பிலே முட்டலாகாது. முட்டினால் இருக்கையை இறக்க வேண்டும். அல்லது வளைவை உயர்த்த வேண்டும். இத்துணை நுட்பமான வாகனத்துக்கு நீதிபதி ஒரு தும்புத்தடி!

அந்த வளைவுக்கு நான் 'கவிழ்தாங்கி' என்று பெயர் கொடுத்தேன். அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துத் தலையசைத்தார்.

பின்னர் நிறைகுறைப்பு. மேலதிகச் சில்லு போயிற்று. ஜக் போயிற்று. கம்பளம், வானொலி, குளிரூட்டி, கதவின் உள்மூடி யாவும் போயின. கழற்றிய ஒவ்வொன்றையும் மீன் நிறுக்கும் தராசிலே நிறுத்துக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார், குலத்தொழில் கைவிடவில்லை. நிறை குறைந்தால் நிறுத்துவது எளிது, திருப்புவது எளிது, ரயர் தேய்வதும் குறைவு. எஞ்சினின் வலிமையைக் கூட்டினால் இவற்றுள் ஒன்றும் எளிதாகாது, எல்லாம் கடினமாகும். "சும்மா கிடக்கிற பாரத்தைக் கழற்றுறதுக்குக் காசு செலவில்லை ஐயா. என்ரை மனிசி மட்டும், உங்கடை வயிற்றையும் ஒருக்கால் தராசிலை வையுங்கோ எண்டவ."

இவற்றை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உள்ளே ஏதோ ஒன்று உறுத்திற்று. முன்னர்ச் சொல்லாது விட்ட காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

செய்யுள் விகாரம் என்பது மாணவர் அறிந்ததே. பவணந்தி முனிவர் கூறுவது. செய்யுளின் ஓசை வேண்டி, புலவன் ஒரு சொல்லை வலிக்கலாம், மெலிக்கலாம், நீட்டலாம், குறுக்கலாம், விரிக்கலாம், தொகுக்கலாம். தலையை வெட்டலாம், இடையை எடுக்கலாம், கடையைக் குறைக்கலாம். தாமரை மரையாகும், அது முதற்குறை. ஓந்தி ஓதியாகும்; அது இடைக்குறை. நீலம் நீல் ஆகும், அது கடைக்குறை.

ஏழாண்டுகளுக்கு முன் இதனை நான் நடத்திய வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கெட்டிக்காரன். தமையனின் மோட்டார்ச் சைக்கிளில் வருவான். அதன் பக்கக் கண்ணாடிகளைக் கழற்றியிருந்தான்; பின் மட்காட்டை எடுத்திருந்தான்; சைலன்சரின் வாலை வெட்டியிருந்தான். யன்னலுக்கு வெளியே அது நின்றது. நான் உதாரணத்துக்கு அதைச் சுட்டி, "பாருங்கள், முதற்குறையும் கடைக்குறையும் ஒருங்கே வந்த சொல்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன்தான் எல்லோரினும் மிகுதியாகச் சிரித்தான், பெருமையோடு சிரித்தான்.

அடுத்த மாதம், தாம்போதிக்கு அப்பால் அந்த நீண்ட நேர்வீதியிலே, அந்திக் கருக்கலில் கழுதை ஒன்று குறுக்கே வந்தது. மன்னார்க் கழுதைகள் உலகறிந்தவை. வீதி தமக்கே உரியது என்று எண்ணுபவை. அவனால் நிறுத்த முடியவில்லை. அவனுக்கு வயது பதினேழு.

என் நகைச்சுவையினால் அவன் இறந்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் அவ்வாறு சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் அந்தச் சூத்திரம் வரும் நாளில் நான் இப்போது வேறு உதாரணம் சொல்கிறேன்.

இக்கதையை இரண்டாம் மாலை என் மாணாக்கரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, அந்த விகாரம் எண்டது வசனத்திலை வந்தால் என்ன சொல்லுவியள்?"

"வழு என்போம்."

"அதுதான். என்ரை காரும் வீதிக்கு வந்தால் வழுதான்."

இருபத்தைந்து ஆண்டு கழித்து இந்த மாணாக்கருக்கு நன்னூல் விளங்கிவிட்டது! காரணமும் காட்டினார். திடலுக்குரிய கடும் பிறேக் கட்டை சூடேறினால்தான் கவ்வும், குளிர்ந்திருக்கையில் வழுக்கும். வீதியிலே வீட்டு வாசலில் புறப்பட்டுப் பத்தாவது நிமிடத்தில் ஒரு குழந்தை குறுக்கே ஓடினால், சாதாரணக் கட்டை காப்பாற்றும், அது காப்பாற்றாது. தோள்களையும் இடுப்பையும் இறுகப் பிணிக்கும் பட்டிகள் திடலிலே உயிர்காப்பன. வீதியிலே திரும்பிப் பின்னே பார்க்க விடாதன. கவிழ்தாங்கி இல்லாமல் அந்தப் பட்டிகளை மட்டும் பூட்டினாலோ, கார் கவிழும்போது உடலைச் சரியவிடாது நிமிர்த்திப் பிடித்து ஊறு விளைப்பன. கவிழ்தாங்கிதானும், தலைக்கவசமில்லாத சாரதியின் தலையில் மோதினால் பகையே. விறைத்த வில் சமதளத்தில் நன்று. குழி நிறைந்த வீதியில் சில்லு நிலத்தை விட்டு எழும்பும். ஆழ்ந்த பள்ளங்கள் இல்லாத ரயர் வெயிலில் ஒட்டும், மழையில் மிதக்கும். தனித்தனியே நல்லவை யாவும் இடம் மாறினால் தீயவையாகின்றன. ஆதலின் அவர் தம் காரைத் திடலுக்கு ஓட்டிச் செல்வதில்லை. இழுவை வண்டியில் ஏற்றிச் செல்கிறார். அதன் நிமித்தம் அக்கம்பக்கத்தார் அவரைக் கேலி செய்வதும் உண்டாம்.

மூன்றாம் மாலை நுட்பங்கள் சில சொன்னார். எல்லாம் எனக்கு விளங்கின என்று பொய் சொல்லேன். ஒன்று விளங்கிற்று. நீண்ட திருப்பத்தில் கார் வேகமாகச் சுழலும்போது எஞ்சினின் அடித்தட்டிலுள்ள எண்ணெய் முழுதும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். வள்ளத்தின் அடியில் நிற்கும் தண்ணீர் அது சரியும் பக்கத்துக்கு ஓடுவதைப் போல. அப்போது எண்ணெய் இறைக்கும் பம்பி காற்றையே இறைக்கும். சில நொடிகளில் எஞ்சின் தேய்ந்து அழியும். தடுப்புத் தகடுகள் வைத்து எண்ணெயை ஓடவிடாது மறிக்கிறார்கள். இன்னொன்று ரயரின் காற்று. ஓட ஓட உள்ளே வெப்பமேறி அழுத்தம் கூடும்; கூடினால் பிடிப்புக் குறையும்; இடையில் நிறுத்திக் காற்றை இறக்குவார்கள். மணலில் புதைந்த சில்லுக்குக் காற்றை இறக்கி ஏறச்செய்வது நம்மூர்ச் சாரதிமார் கைகண்ட வித்தை. நோக்கம் வேறு, செயல் ஒன்று.

மூன்றாவது, ஓசை. இது என்னை வியப்பில் ஆழ்த்திற்று. பந்தயத் திடல் என்றால் காது செவிடுபட முழங்கலாம் என்றல்லவா நினைத்திருந்தேன்? இங்கிலாந்தின் திடல்களிலே வாயிலில் ஒருவர் ஓசைமானியோடு நிற்கிறார். அளவுக்கு மிஞ்சிய கார் உட்புக முடியாது. வந்தவழியே திரும்ப வேண்டியதுதான். அயலிலே வாழ்பவர் உறங்க வேண்டும். ஆடுமாடு மேய வேண்டும். குறுங்குடி மருதனார் அகநானூற்றின் நான்காம் பாட்டிலே காட்டிய தலைவனை நினைத்தேன். கார்காலத்தில் காதலியை நோக்கி விரைந்து வருகிறான். அவனுக்கு இல்லாத அவசரமா? ஆயினும் பூந்தாது உண்ணும் வண்டுகள் வெருவும் என்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். தேரோட்டத்தில் மணியை அடக்கிய நாகரிகம் நம்முடையது. இன்று சைலன்சரின் வாலை வெட்டிக்கொண்டு ஆசுப்பத்திரி வாசலில் முழங்குவதும் நம் பிள்ளைகள்தாம்.

வேகத்தை வீதியிலிருந்து பிரித்துத் திடலிலே வைக்க வேண்டும் என்பது உலகம் உயிர்கொடுத்துக் கற்ற பாடம். 1903இல் பாரிஸிலிருந்து மட்றிட் நகருக்கு ஊர்வீதிகள் வழியே ஒரு கார்ப்பந்தயம் நடந்தது. புழுதி கண்ணை மறைக்க, வழிநெடுக மக்கள் நெருங்கி நிற்க, ஓட்டுநரும் பார்வையாளருமாகப் பலர் மாண்டனர். மார்செல் றெனோல்ட் என்னும் கார் உற்பத்தியாளரும் அதிலே உயிரிழந்தார். போர்தோ நகரோடு பந்தயம் நிறுத்தப்பட்டது. நான்காண்டு கழித்து, 1907இல், இங்கிலாந்திலே புரூக்லண்ட்ஸ் என்னும் இடத்தில் கார் ஓட்டத்துக்கென்றே ஒரு திடலைக் கட்டினார்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் இன்னொரு புதுமை நிகழ்ந்தது. போர்விமானங்கள் எழுந்த ஓடுபாதைகள் பயனற்றுக் கிடந்தன. அவற்றைக் கார்கள் பிடித்துக்கொண்டன. சில்வர்ஸ்டோன் அவ்வாறு வந்தது. 1950இல் உலக வாகையர் போட்டியின் முதலாவது ஓட்டம் அங்கேதான் நிகழ்ந்தது. தமிழகத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்து விமானத்தளமும் அவ்வாறே பந்தயத் திடலாகிப் பல்லாண்டு விளங்கிற்று. பின்பு 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அண்மையில் இருங்காட்டுக்கோட்டையில், இதற்கென்றே அமைத்த ஓடுகளம் வந்தது, சுற்று 3.7 கிலோமீற்றருக்குச் சற்று மேல். நம் நாட்டிலே களுத்துறைக்கு அணித்தாயுள்ள கட்டுகுருந்தவும் போர்க்கால விமானத்தளமே. மலைநாட்டில் நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட ஏற்றப் பந்தயம் அவற்றினும் முந்தியது, 1934இல் தொடங்கியது. வீதிக்குரிய காரையே விடிய விடிய மாற்றிக்கொண்டு போய் ஓட்டியவர்கள் அங்கெல்லாம் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள்.

திடல் என்று பெயரிட்டால் மட்டும் போதாது. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் தியத்தலாவவில் நடந்த பந்தயத்தில் கார் ஒன்று தடம் விலகிப் பார்வையாளர் நடுவே பாய்ந்தது, எழுவர் மாண்டனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். அதைப் பேசும்போது என் மாணாக்கரின் குரல் மாறிற்று. "ஐயா, திடல் எண்டால் ஓடுற இடம் இல்லை. ஓடுறதுக்கும் பாக்கிறதுக்கும் நடுவிலை இருக்கிற வெறும் நிலம்தான் திடல்" என்றார். இதனினும் நல்ல வரைவிலக்கணம் என்னால் எழுத இயலாது. அப்படியே குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பாடசாலை மண்டபத்தில் அவர் பேசினார். சோளகக் காற்று யன்னலை அடித்துக்கொண்டிருந்தது, கடுதாசிகள் பறந்தன. நான் கொடுத்த சொற்களிலே பாதியை மேடையேறியதும் மறந்துவிட்டார். பிறேக் பிறேக்காகவே இருந்தது. கவிழ்தாங்கி மட்டும் வந்தது, சுக்கான் வந்தது, வில் வந்தது. தேய்ந்து கருகிய பிறேக் கட்டை ஒன்றையும் புதிய கட்டை ஒன்றையும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கக் கொடுத்தார். பிள்ளைகள் அவற்றை முத்துச்சிப்பி பார்ப்பவர் போலப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். கொதிக்கும் தண்ணீர்க் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது கணித ஆசிரியர் எழுந்து நின்றுவிட்டார்.

முடிவில் வினா உண்டா என்று கேட்டார்கள். பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். அவனுடைய மோட்டார்ச் சைக்கிள் வருவது ஊருக்கெல்லாம் தெரியும், அத்துணை முழக்கம்.

"அண்ணை, நீங்கள் சொல்லுறது சரி. வீதியிலை ஓடக் கூடாது. அப்ப நாங்கள் எங்கை ஓடுறது?"

மண்டபம் சிரித்தது. என் மாணாக்கர் சிரிக்கவில்லை. கட்டுகுருந்தவுக்கு இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் என்று சொன்னார். சொன்னபின், அது விடையாகாது என்று அவரே உணர்ந்தார் போலும். சற்றுநேரம் பேசாது நின்றார்.

பிறகு வேறொன்று சொன்னார். பெருந்திடல் வேண்டியதில்லை. இங்கிலாந்திலே சிறு கழகங்கள் பரந்த முற்றமொன்றிலே கூம்புகளை நிரைத்து, அவற்றைச் சாயாமல் சுற்றிவரும் திறமையைச் சோதிக்கின்றன. ஒருவர் ஓட மற்றவர் தொலைவில் நிற்பர். இடம் குறுகியதாதலின் வேகம் தானே குறையும், கைத்திறம் கூடும். தேவையானவை சமதளமான ஒரு வெளி, தலைக்கவசம், ஓர் அம்புலன்ஸ், பொறுப்பேற்கும் ஒரு சபை. முற்றம் நம் தீவிலே இல்லாமலா? மழைக்கு முன்னர் இறுகிக் கிடக்கும் தரவைகள் எத்தனை!

மறுநாள் அவர் கொழும்புக்குப் புறப்பட்டார். போகுமுன் என் துவிச்சக்கர வண்டியின் பிறேக்கைச் சரிசெய்து, இரண்டு கட்டைகளையும் மாற்றிவிட்டுத்தான் போனார். இருபது ஆண்டாக நான் காலை நிலத்திலே ஊன்றித்தான் அதனை நிறுத்திவந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை அந்தப் பையன் இன்னும் மூவரோடு என் விறாந்தைக்கு வந்தான். தரவையிலே மாதம் ஒருமுறை இடந்தரும்படி பிரதேச சபைக்கு விண்ணப்பம் எழுதித்தர வேண்டுமாம். மோட்டார்ச் சைக்கிளைப் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தான். வெட்டிய சைலன்சர்தான், இன்னும் மாற்றவில்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. விண்ணப்பத்திலே மூன்றாம் பந்தியில், ஓசையடக்கி பூட்டிய வாகனங்களே அனுமதிக்கப்படும் என்று எழுதி, அதை அவனையே உரத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். நிறுத்தி, ஒருமுறை படலைப் பக்கம் பார்த்தான். பின்னர் மீதியை வாசித்தான்.

தலைப்புத்தான் இன்னும் முடியவில்லை. பந்தயம் என்று எழுதினால் சபையார் அஞ்சுவர், அது பந்தயமுமன்று. பயிற்சி என்றால் பையன்களுக்குச் சப்பென்றிருக்கிறது. சவாரி என்றான் ஒருவன். அது மாட்டுவண்டிக்குப் போய்விட்ட சொல். புதன்கிழமை மீண்டும் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள்.